முதல் ஆண்டு மண்ணுக்கு

வீடு கட்டி முடிந்து கணக்குப் பார்க்கும்போது கையில் மிஞ்சுகிற சிறு தொகைதான் பெரும்பாலும் தோட்டத்துக்கு வருகிறது. கம்பி, சிமெண்டு, மரவேலை, பெயிண்ட் எல்லாமே மதிப்பீட்டைத் தாண்டிப் போயிருக்கும். ஒரு கிரவுண்டு மனையில், அதாவது 2,400 சதுர அடியில், வீடு போக முன்னும் பின்னும் பக்கவாட்டிலுமாக 800, 1,000 சதுர அடி சும்மா கிடக்கும். அதை ஒழுங்குசெய்து தரும்படி எங்களைப் போன்ற தோட்ட வேலைக்காரர்களைக் கூப்பிடுபவர்கள் முதலில் கேட்பது, "என்ன செடி வைக்கலாம்?" என்பதைத்தான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைப்பவர்களின் தோட்டமே குறைந்த செலவில் நிலைக்கிறது என்பது இந்தத் தொழிலில் நான் கண்டு தெளிந்த விஷயம். முதல் செலவு தண்ணீர் ஓடும் வழிக்கு. அடுத்தது மண்ணுக்கு. அதற்கடுத்து நிழலுக்கு. பூச்செடியும் புல்லும் பாதையும் அலங்காரமும் அதற்குப் பிறகு. பணம் தாராளமாக உள்ளவர் இந்த வரிசையைக் கலைத்துவிட்டாலும், செத்த செடிக்குப் பதில் வேறு செடி வாங்கிச் சமாளித்துக்கொள்வார். ஒரே ஒரு முறைதான் செலவழிக்க முடியும் என்ற நிலையில் உள்ளவருக்கு வரிசை தவறினால் தோட்டமே இல்லை.

ஏன் என்று புரிய, புது வீட்டைச் சுற்றியுள்ள தரையை ஒரு கடப்பாரையால் குத்திப் பார்த்தால் போதும். மேலே இரண்டு அங்குலம் சவுடு மண் இருக்கும். அதற்குக் கீழே உடைந்த செங்கல், ஜல்லி, டைல்ஸ் துண்டு, சிமெண்டு கலவை கொட்டிக் காய்ந்த பாளங்கள், பெயிண்ட் டப்பா மூடி, கட்டுக்கம்பி எல்லாம் கிடக்கும். ஓராண்டுக் காலம் லாரியும் ஆட்களும் மிதித்ததில் மண் இறுகிப்போயிருக்கும். சிமெண்டும் சுண்ணாம்பும் கரைந்து இறங்கியதில் காரத்தன்மை ஏறியிருக்கும். அந்த மண்ணில் இட்லிப்பூச் செடியை வைத்தால் சில மாதங்களில் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். எலுமிச்சையும் அப்படித்தான். மண்ணில் இரும்பு இல்லாததால் வருவதல்ல இது. காரமண்ணில் இருக்கும் இரும்பைச் செடியின் வேர் எடுத்துக்கொள்ள முடிவதில்லை. கடைக்காரர் அன்னபேதி உப்பைக் கரைத்து ஊற்றச் சொல்வார். ஊற்றினால் கொஞ்ச நாள் பச்சை பிடிக்கும், மறுபடி வெளுக்கும். கடைசியில் "எனக்குக் கைராசி இல்லை" என்று வீட்டுக்காரர் தன்னையே நொந்துகொள்வார். நர்சரியில் வாங்கிய செடிகள் முதல் கோடையில் கருகுவதற்குக் கைராசி காரணமில்லை, வேர் இறங்க அங்கே மண்ணே இல்லை என்பதுதான் காரணம்.

இதற்குப் பரவலாகச் செய்யப்படும் வைத்தியம் லாரியில் செம்மண் கொண்டுவந்து மேலே கொட்டிவிடுவது. இதன் கணக்கைப் பார்த்துவிடலாம். மண் யூனிட்டில் விற்கிறது. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. 1,000 சதுர அடித் தரையை அரை அடி உயர்த்த 5 யூனிட் மண் வேண்டும். லாரி வாடகை, இறக்கும் கூலி, பரப்பும் கூலி சேர்ந்தால் சிறிய பட்ஜெட் இதிலேயே தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகும் அடியில் உள்ள இறுக்கம் அப்படியே இருக்கும். மழைநீர் செம்மண்ணில் இறங்கி அந்த இறுகிய தளத்தில் தேங்கி நின்று வேரை அழுகவைக்கும். வெளியூர் மண்ணோடு கோரைக்கிழங்கும் பார்த்தீனிய விதையும் இலவசமாக வரும். கோரை ஒருமுறை வந்துவிட்டால் பிடுங்கித் தீர்க்க முடியாது. இன்னொரு ஆபத்தும் உண்டு. தரை உயர்ந்து பேஸ்மட்டத்துக்கு மேலே சுவரை மண் தொட ஆரம்பித்தால் ஈரம் சுவரில் ஏறிப் பூச்சு உதிரும். அதே பணத்தில் ஒரு பகுதியை இரண்டு கூலியாட்களுக்குக் கொடுத்து, செடி வைக்கப்போகும் இடத்தை மட்டும் ஒன்றரை அடி ஆழத்துக்குக் கொத்தி, கல்லையும் கலவைப் பாளத்தையும் பொறுக்கி எடுக்கச் சொல்லலாம். 200 சதுர அடிப் பாத்திக்கு 2 அங்குலக் கனத்தில் மக்கிய தொழுவுரம் போட 33 கன அடி போதும், அதாவது யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு. தோட்டம் என்பது 1,000 சதுர அடியும் அல்ல, வேர் இறங்கப்போகும் அந்த 200 சதுர அடிதான் என்று முதலிலேயே தீர்மானித்துக்கொண்டால் செலவு தானாகக் குறையும்.

மண்ணில் கைவைப்பதற்கு முன்னால் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்றேன். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். சென்னையில் ஆண்டுச் சராசரி மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். 1,000 சதுர அடி மொட்டைமாடி ஏறக்குறைய 93 சதுர மீட்டர் என்பதால், சிந்திச் சிதறியது போக ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டருக்குக் குறையாமல் கூரையிலிருந்தே இறங்கும். கோயம்புத்தூரில் மழை அதில் பாதிதான் என்றாலும் 50,000 லிட்டர். 2003இல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதால் பெரும்பாலான புது வீடுகளில் குழாய் இறங்கும். அந்தக் குழாயும் தொட்டியும் ஒரு மூலையில், தோட்டம் இன்னொரு மூலையில் என்று இருப்பதுதான் வழக்கம். தொட்டி நிறைந்து வழியும் நீரை ஒரு ஆழமில்லாத வாய்க்கால் வெட்டி மரக்குழிகளின் பக்கம் திருப்பிவிட மண்வெட்டி ஒன்றே போதும். தரையின் சரிவு வீட்டைவிட்டு விலகி அடிக்குக் கால் அங்குலம் வீதமாவது இருக்க வேண்டும். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய தெளிவான பிளாஸ்டிக் குழாய், துல்லியமாகக் காட்டிவிடும். ஓர் அடி ஆழக் குழி தோண்டி நீர் நிரப்பி, அது வடிந்ததும் மறுபடி நிரப்பி வையுங்கள். மறுநாள் காலையிலும் நீர் நின்றால் அந்த இடத்தில் மரம் வைக்கக் கூடாது, அல்லது மேடு கட்டி வைக்க வேண்டும். குளியலறை நீரையும் துவைக்கும் கல்லின் நீரையும் வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம். சோப்புத்தூளின் உப்பு ஒரே இடத்தில் சேராதபடி திசையை அவ்வப்போது மாற்றிவிட்டால் சரி.

கொத்திய மண்ணில் உடனே செடி நடாமல் ஒரு பருவம் பசுந்தாள் உரம் விதைக்கச் சொன்னால் பலருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் சிக்கனத்தில் இதைவிடப் பெரிய சிக்கனம் கிடையாது. நீர் வடியும் மண்ணில் சணப்பை, நீர் தேங்குவதும் காரம் ஏறியதுமான மண்ணில் தக்கைப்பூண்டு. ஏக்கருக்கு 20 கிலோ என்ற கணக்கில் 1,000 சதுர அடிக்கு அரைக் கிலோ விதை போதும். பூக்கும் தறுவாயில், ஏறக்குறைய 45 நாளில், வெட்டி அங்கேயே மண்ணில் மடக்கிவிட வேண்டும். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிப் பரப்பிய பலதானிய விதைப்பும் இதே வேலையைச் செய்கிறது. தானியம், பயறு, எண்ணெய் வித்து, கொத்தமல்லி, கடுகு என்று அடுக்களையில் இருப்பவற்றையே கலந்து விதைத்து மடக்கலாம். கடப்பாரை இறங்காத ஆழத்துக்கு வேர்கள் இறங்கும், அவை மக்கிய பிறகு அந்தத் துளைகள் வழியாக நீரும் காற்றும் போகும். அதன்பின் மூடாக்கு. தென்னை மட்டை, காய்ந்த இலை, கரும்புச் சோகை, கடலைத்தோல், எது அந்த ஊரில் சும்மா கிடைக்கிறதோ அதை 3 அங்குலக் கனத்துக்குப் பரப்ப வேண்டும். வெயில் நேராக மண்ணில் விழாதவரை ஈரம் நிற்கும். ஈரம் நின்றால் மண்புழு வரும். தெருவோரம் பெருக்கிக் கொளுத்தப்படும் இலைச்சருகைப் பார்க்கும்போது என் மனம் உண்மையிலேயே வேகிறது. காசு கொடுத்து வாங்க வேண்டிய உரத்தை நெருப்பில் போடுகிறோம்.

மூடாக்குக்கு எழும் எதிர்ப்பைத் தள்ளிவிட முடியாது. சருகு கிடந்தால் பாம்பு வரும், தேள் வரும், கரையான் வரும், பார்க்கவும் குப்பையாக இருக்கும் என்பார்கள். பெருக்கித் தெளித்துக் கோலம் போடும் வாசலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தரையில் சருகு கிடப்பது உறுத்தத்தான் செய்யும். பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பாம்பு தேடி வருவது எலியையும் தவளையையும், பதுங்க ஒரு பொந்தையும். 3 அங்குலச் சருகைவிட, கட்டட வேலையில் மிஞ்சிச் சுவரோரம் அடுக்கிய செங்கல்லும் பலகையும் அதற்கு நல்ல வசிப்பிடம். அவற்றை முதலில் அகற்றுங்கள். சுவரிலிருந்து இரண்டடிக்கும் நடைபாதையின் இருபுறம் ஓர் அடிக்கும் சருகு போடாமல் வெறுந்தரையாகப் பெருக்கி வையுங்கள். மரத்தின் தண்டை ஒட்டியும் போடக் கூடாது. கரையான் உயிருள்ள செடியைத் தேடி வருவது குறைவு. காய்ந்த மட்டையைத் தின்று மண்ணாக்குவதுதான் அதன் வேலை. வீட்டுக்குள் வராமல் தடுக்க அந்த இரண்டடி இடைவெளி உதவும். அழகு குறைவு என்ற குறைக்கு, செங்கல்லைச் சாய்த்துப் புதைத்த ஒரு விளிம்பு போதும். விளிம்பு கட்டினாலே சருகுப் பரப்பு கவனித்துச் செய்த வேலையாகத் தெரியும்.

புல்தரைக்கு வருவோம். பணம் குறைவாக உள்ளவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. கொரியன் புல்லையும் மெக்சிகன் புல்லையும் பாய் பாயாகக் கொண்டுவந்து விரித்துவிட்டால் ஒரே நாளில் தோட்டம் பச்சையாகிவிடும். அந்த ஒரு நாள் மகிழ்ச்சிக்கான கணக்கு பிறகு வரும். நம் கோடையில் புல்தரையிலிருந்து நாளொன்றுக்கு 5, 6 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது. 500 சதுர அடிப் புல்லுக்கு அது நாளுக்கு 250 லிட்டர். ஏப்ரல், மே இரண்டு மாதங்களுக்கு மட்டும் 15,000 லிட்டர். 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, மக்கள் குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றபோது புல்லுக்கு ஊற்ற யாரிடம் தண்ணீர் இருந்தது? அந்தப் புல்லை மாதந்தோறும் வெட்டவும் களை எடுக்கவும் ஆள் கூலி வேறு. குழந்தைகள் விளையாட இடம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். அதற்கு அருகம்புல்லே போதுமானது. பெர்முடா என்று விலைபோட்டு விற்பதும் அந்த இனம்தான். மிதிபட்டாலும் தாங்கும், கோடையில் காய்ந்தாலும் முதல் மழைக்குத் தளிர்க்கும். பார்வைக்கு மட்டும் பச்சை வேண்டிய இடத்தில் பொடுதலையைப் பரப்பலாம். வாய்க்கால் ஓரத்தில் கொடியாக ஓடிக்கிடக்கும் அதே பொடுதலைதான். கணுவுக்குக் கணு வேர் விட்டுத் தரையோடு படியும், வெட்ட வேண்டியதில்லை, சின்னப் பூவுக்குத் தேனீயும் பட்டாம்பூச்சியும் வரும். நிழலும் ஈரமும் உள்ள மூலைக்கு வல்லாரை இருக்கிறது.

மரம் வாங்குவதிலும் பெரியதே நல்லது என்ற எண்ணம் பணத்தைக் கரைக்கிறது. ஆந்திரத்தின் கடியம் நர்சரிகளிலிருந்தும் பிற வெளியூர்களிலிருந்தும் எட்டடி, பத்தடி உயர மரங்கள் பையோடு லாரியில் வந்து இறங்குகின்றன. அவற்றின் வேர் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வளைந்திருக்கும். வேர்க்கட்டி களிமண்ணாக இருந்து நம் மண் மணற்பாங்காக இருந்தால், ஊற்றிய நீர் கட்டிக்குள் புகாமல் ஓரமாக வழிந்து போகும். மரம் தரையில் நட்ட பிறகும் தொட்டிச் செடி போலவே கிடக்கும். இரண்டடி உயரக் கன்றை அவற்றைவிடப் பல மடங்கு குறைந்த விலைக்கு வாங்கி, வளைந்த வேரைக் கத்தரித்து, இரண்டடிச் சதுரக் குழியில் வைத்தால், சில ஆண்டுகளில் அது பெரிய மரத்தை எட்டிப் பிடித்துவிடுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். தோட்டக்கலைத் துறையின் அரசுப் பண்ணைகளிலும் வனத்துறை நர்சரிகளிலும் கன்றுகள் மலிவாகக் கிடைக்கின்றன. நடும் காலத்தைச் சரியாகத் தேர்ந்தால் தண்ணீர்ச் செலவும் இல்லை. வடகிழக்குப் பருவமழையை நம்பியுள்ள ஊர்களில் புரட்டாசியில் நட்டால் கார்த்திகை வரை வானம் பார்த்துக்கொள்ளும். சித்திரையில் நடுவது பணத்தைக் கொளுத்துவது. மேற்குச் சுவருக்கு எதிரே எட்டு, பத்தடி தள்ளி ஒரு கொய்யாவோ சீத்தாவோ நெல்லியோ வளர்ந்துவிட்டால் பிற்பகல் வெயில் சுவரில் ஏறாது. நிழல் வந்த பிறகுதான் அதன் கீழே எந்தச் செடி வாழும் என்று தெரியும். அதனால்தான் பூச்செடிக்கு முன் மரம்.

சீக்கிரம் வளர வேண்டும், மலிவாக இருக்க வேண்டும், ஆடும் மாடும் தின்னக் கூடாது என்ற மூன்று நிபந்தனைகளை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கோனோகார்பஸ் சாட்சி. சில ஆண்டுகளுக்கு முன் அடுக்குமாடிகளிலும் சாலை நடுவிலும் வரிசை வரிசையாக நட்டார்கள். அதன் வேர் குழாய்களையும் சாக்கடையையும் துளைக்கிறது, மகரந்தம் ஒவ்வாமை தருகிறது என்று புகார்கள் குவிந்து 2023இல் குஜராத் அதற்குத் தடை போட்டது. பின்னர் தமிழக அரசும் தடை செய்தது. அப்போது நட்டவர்கள் இப்போது வெட்டுவதற்கும் வேரோடு எடுப்பதற்கும் செலவழிக்கிறார்கள். வேலிக்கு நம்மிடம் இதைவிட நல்லவை உண்டு. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி நிற்கும் கிளுவை வேலியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், போத்து வெட்டி நட்ட வேலி தலைமுறை தாண்டி நிற்கிறது. மற்ற ஊர்களில் மருதாணி, ஆடாதொடை, நொச்சி மூன்றையும் கலந்து நடலாம். பூச்செடிகளையும் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. செம்பருத்தி, நந்தியாவட்டை, காகிதப்பூ குச்சியில் வரும். மல்லிகை பதியத்தில் வரும். கனகாம்பரம், சங்குப்பூ, துலுக்கசாமந்தி விதையில் வரும். கல்வாழை கிழங்கைப் பிரித்தால் வரும். கறிவேப்பிலை தாய்ச்செடியின் பக்கக் கன்றிலிருந்து வரும். தெருவில் நாலு வீட்டில் கேட்டால் கிடைக்காதது நர்சரியிலும் அபூர்வமாகத்தான் இருக்கும்.

எல்லாவற்றையும் சிமெண்டு பூசிவிட்டால் சுத்தமாக இருக்குமே, வேலையும் மிச்சமே என்ற எண்ணம் வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளில் வலுவாக இருக்கிறது. அவர்களின் களைப்பு புரிகிறது. ஆனால் ஆயிரம் சதுர அடி சிமெண்டுத் தளம் பகலெல்லாம் வெயிலை வாங்கி இரவில் வீட்டுக்குள் அனுப்பும், மழைநீரைத் தெருவுக்குத் துரத்தும், கிணற்றையும் போர்வெல்லையும் பட்டினி போடும். தளம் தேவைப்படும் இடம் உண்டு. வாசலிலிருந்து கேட்டுக்கும், பின்கதவிலிருந்து துணி காயப்போடும் கொடிக்கும் மூன்றடி அகலத்தில் மேடுபள்ளமில்லாத, வழுக்காத பாதை வேண்டும். முதியவர்கள் நடக்கும் அந்தப் பாதையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கூடாது என்பேன். மிச்சம் பிடிக்க வேண்டியது கார் நிற்கும் இடத்தில். 10 அடிக்கு 18 அடி முழுவதும் தளம் போட்டால் 180 சதுர அடி. சக்கரம் ஓடும் இரண்டு பட்டைகளை இரண்டடி அகலத்தில் போட்டால் 72 சதுர அடி. நடுவில் அருகம்புல் வளரட்டும். மற்ற நடைபாதைகளுக்கு மிஞ்சிய செங்கல்லையும் கடப்பா கல் துண்டுகளையும் மணலில் பதித்து, இடுக்கில் சிமெண்டு பூசாமல் விட்டால் மழை அதன் வழியே இறங்கும். தேவை மாறினால் பெயர்த்து வேறிடத்தில் பதிக்கவும் முடியும்.

கடைசியாக ஓர் எதிர்ப்பு மிஞ்சுகிறது, அதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது. புதுமனை புகுவிழாவுக்கு வருபவர்கள் முன்னால் வெறும் மண்ணையும் தக்கைப்பூண்டையும் காட்டிக்கொண்டு ஓராண்டு நிற்க முடியுமா? முடியும் என்று வாதாடுவதைவிட, நிற்க வேண்டியதில்லை என்று காட்டுவது சரி. வாசலருகே பத்துக்குப் பத்து இடத்தை மட்டும் ஒதுக்கி முழுதாக முடித்துவிடுங்கள். நல்ல மண், துளசி, செம்பருத்தி, விதையில் வந்த துலுக்கசாமந்தி. இரண்டே மாதத்தில் பூக்கும். பின்புறம் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பிகேஎம்-1 செடிமுருங்கையை விதைத்தால் சில மாதங்களில் காய்க்கத் தொடங்கும். பப்பாளியும் வாழையும் ஓராண்டை ஒட்டிப் பலன் தரும். இவை மெல்ல வளரும் கொய்யாவுக்கும் நெல்லிக்கும் நிழல் தந்து, அவை தலையெடுத்ததும் விலகிக்கொள்ளும். மற்ற இடத்தில் மண் தயாராகும். இந்த முறையில் செலவு ஒரே நாளில் கேட்காது, மாதாமாதம் கொஞ்சமாகக் கேட்கும். மாதச் சம்பளக் குடும்பத்துக்கு அதுதான் தாங்கும்.

இன்னும் வீடு கட்டத் தொடங்காதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அஸ்திவாரம் தோண்டும் முதல் நாளில் மேலே உள்ள அரை அடி மண்ணைத் தனியாக வழித்து மனையின் ஒரு மூலையில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவையுங்கள். சிமெண்டு கலக்கவும், மிஞ்சிய கலவையைக் கொட்டவும், கருவிகளைக் கழுவவும் ஒரே இடத்தை ஒதுக்கி, அதைத் தாண்டக் கூடாது என்று கொத்தனாரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மரம் வரப்போகும் இடத்தில் லாரி ஏறாதபடி நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டுங்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு தார்ப்பாய்க்கும் ஒரு கயிற்றுக்கும்தான்.